பச்சை நிறத்திலிருந்து தொடங்குங்கள்: ஃபோலிங்கை வைத்து பினைல்கீட்டோனூரியா பாடம் நடத்துவது எப்படி

பினைல்கீட்டோனூரியா என்பது உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் கையாள முடியாமல் மூளை பாதிக்கப்படும் பிறவி நோய். முதலாண்டு எம்.பி.பி.எஸ். உயிர்வேதியியல் பாடநூலில் அதற்கு மிஞ்சினால் அரைப் பக்கம் இருக்கும். எந்த நொதி வேலை செய்யவில்லை, எது இரத்தத்தில் தேங்குகிறது, எந்தச் சோதனை, என்ன உணவு என்று நான்கு வரியில் முடிந்துவிடும். மாணவர்கள் அதை அப்படியே ஒப்பித்து, தேர்வில் எழுதி, மறுவாரமே மறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் கேள்வி எதற்கு என்று யாருக்குத்தான் தோன்றாது?

புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்கள் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று என்னிடம் கேட்பதுண்டு. நொதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்பேன். 1934-இல் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் ஒரு தாய் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோன கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங். அவருக்கு எது எப்போது தெரிந்ததோ, அதே வரிசையில் மாணவர்களுக்கும் தெரிய வேண்டும். அதுவரை நோயின் பெயர் கரும்பலகையில் வரக்கூடாது. கால அட்டவணையிலும் "சிறுநீர் ஆய்வு" என்று மட்டும் போடச் சொல்லுங்கள். பெயரைப் போட்டால் முதல் வரிசை முந்தைய இரவே படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்.

முந்தைய நாள் வேலை

10 சதவீத ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைப் புதிதாகக் கலக்கச் சொல்லுங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும் பாட்டிலின் அடியில் துருநிறக் கசடு படிந்திருக்கும். அதை நம்பி வகுப்புக்குப் போனால் மானம் போகும். எங்கள் ஆய்வக உதவியாளர் அந்தக் கரைசலில் எப்போதும் இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துத்தான் கொடுப்பார். காரணம் கேட்டால் "இல்லாவிட்டால் கலங்கிவிடும் மேடம்" என்பார். நீராற்பகுப்பு (நீரோடு வினைபுரிந்து சிதைவது) என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் கலக்கிய கரைசல் கலங்கி நான் பார்த்ததில்லை.

நான்கு மாதிரிகள் வேண்டும். ஒன்று சாதாரணச் சிறுநீர். இரண்டாவதில், இந்த நோயாளிகளின் சிறுநீரில் வரும் பொருளான பினைல்பைருவேட்டின் சோடியம் உப்பு ஒரு சிட்டிகை. மூன்றாவதில், நீரிழிவில் வரும் கீட்டோனுக்குப் பதிலாக எத்தில் அசிட்டோஅசிட்டேட் சில துளிகள். நான்காவதில் சோடியம் சாலிசிலேட். குழாய்களின் மேல் எண்ணை மட்டும் எழுதுங்கள். பினைல்பைருவேட் விலை அதிகம், கரைசலாக வைத்தால் நாள்பட நிற்காது. எனவே பொடியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வகுப்புக்குச் சற்று முன்புதான் கரைக்க வேண்டும். இன்னொரு தொல்லை பாஸ்பேட். சிறுநீரில் உள்ள பாஸ்பேட் இரும்போடு சேர்ந்து வெளிறிய வீழ்படிவாக இறங்கி நிறத்தை மறைத்துவிடும். குழாயில் முன்கூட்டியே கொஞ்சம் நீர்த்த அமிலம் விட்டு வைத்தால் தப்பிக்கலாம்.

இந்த நோயாளிகளிடம் வரும் வாடையை வகுப்புக்குக் கொண்டுவர முயல வேண்டாம். சொல்லிவிட்டாலே போதும். எலி அடைந்து கிடக்கும் பழைய அறையின் வாடை என்றால் நம் மாணவர்களில் புரியாதவர் எவருமில்லை.

தாயின் கேள்வி

போர்க்னி எகலாண்ட் என்ற அந்தத் தாய்க்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் லீவ், ஆறு வயதைக் கடந்தவள், சில சொற்களே பேசுவாள். இளையவன் டாக், நான்கு வயது, பேச்சும் இல்லை, நடையும் இல்லை. இருவரும் பிறந்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. வளர வளரத்தான் பின்தங்கினார்கள். தாய் மருத்துவர் மாற்றி மருத்துவராக அலைந்தார். ஒருவரிடமும் விடை கிடைக்கவில்லை. அவர் கவனித்த இன்னொன்றும் உண்டு: குழந்தைகளிடம் விட்டுப்போகாத ஒரு விநோத வாடை. அதற்கும் இந்த நிலைக்கும் தொடர்பு இருக்குமோ என்பதுதான் அவருடைய கேள்வி.

இங்கே நிறுத்துங்கள். "உங்களிடம் இந்தத் தாய் வந்தால் என்ன கேட்பீர்கள்?" என்று வகுப்பைக் கேளுங்கள். பிரசவம் எப்படி, குழந்தை உடனே அழுததா, காய்ச்சல் வந்ததா, வலிப்பு உண்டா என்று வரும். யாராவது ஒருவர் "சொந்தத்தில் திருமணமா?" என்று கேட்பார். மாமன் மகள், அத்தை மகன் திருமணம் சகஜமாக இருக்கும் ஊரில் அந்தக் கேள்வி வராமல் போகாது. அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அப்படியே விட்டுவிடுங்கள், பிறகு தேவைப்படும். வாடையைப் பற்றி எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு தாய் சொன்ன குறையில் பாதியைக் காதில் வாங்காமல் விடுவது எவ்வளவு எளிது என்பதை அப்போது சொல்லலாம். நீளமாகச் சொல்ல வேண்டாம், அவர்களுக்கே உறைக்கும்.

ஃபோலிங்கின் வாழ்க்கைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு செய்தியை விடக்கூடாது: அவர் முதலில் வேதியியலாளர், அப்புறம்தான் மருத்துவர். 1888-இல் நார்வேயின் வட திரோண்டலாக் பகுதியில் குவாம் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். திரோண்ட்ஹைம் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் படித்து 1916-இல் பட்டம் பெற்றார். பிறகு ஆஸ்லோ போய் மருத்துவம் படித்து 1922-இல் முடித்தார். 1929-இல் அவர் அளித்த முனைவர் ஆய்வு, அம்மோனியம் குளோரைடு உடலில் அமிலத்தன்மையை எப்படி ஏற்றுகிறது என்பதைப் பற்றியது. 1932-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து ஆய்வுப் பேராசிரியர். ஸ்டெதஸ்கோப்பைவிடச் சோதனைக் குழாய் அவர் கைக்குப் பழகியது என்று நான் வகுப்பில் சொல்வேன். வேறொரு நல்ல மருத்துவரிடம் அந்தத் தாய் போயிருந்தால் அந்தப் பச்சை நிறம் சாக்கடையில் போயிருக்கும் என்பது என் எண்ணம். இதில் என்னோடு சண்டை போடும் சக ஆசிரியர்கள் உண்டு.

குழாயில் ஒரு சொட்டு

குழந்தைகளைப் பரிசோதித்ததில் ஃபோலிங்குக்குத் துப்பு எதுவும் கிடைக்கவில்லை. சிறுநீரில் புரதம் இல்லை, சர்க்கரையும் இல்லை. கடைசியாக கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்க ஃபெர்ரிக் குளோரைடு விட்டார். நீரிழிவு நோயாளிகளுக்கு அன்று எல்லா மருத்துவமனையிலும் செய்த சாதாரணச் சோதனைதான் அது. கீட்டோன் இருந்தால் கருஞ்சிவப்பாக வரும், இல்லாவிட்டால் பழுப்பு மஞ்சளாகவே நிற்கும். இந்தக் குழந்தைகளின் சிறுநீர் கரும்பச்சையானது. சில நிமிடங்களில் நிறம் மங்கியும் போனது.

இப்போது மாணவர்களைக் குழாய்களிடம் அனுப்புங்கள். நீங்கள் செய்து காட்டாதீர்கள். அவர்கள் கையால் விட வேண்டும். முதல் குழாயில் ஒன்றும் நடக்காது. மூன்றாவது சிவக்கும். நான்காவது நல்ல ஊதா. இரண்டாவதில் பச்சை வரும்போது ஒரு சிறு ஆரவாரம் எழும். அப்போது அவர்களைப் பேசவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள்; நிறம் வெளிறுவதைக் கண்ணால் கண்டவர்கள்தான் பிறகு "ஏன் நிறத்தை உடனே பார்த்துக் குறிக்க வேண்டும்" என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதுகிறார்கள். பச்சை கொஞ்ச நேரம்தான் நிற்கும், எனவே நான்கு குழாயிலும் ஒரே நேரத்தில் விட வேண்டாம். இரண்டாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி: "பச்சை வந்துவிட்டது. புதிய நோய் கண்டுபிடித்துவிட்டீர்களா?" பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். நான்காவது குழாயைத் தூக்கிக் காட்டுங்கள். சாலிசிலேட் மருந்து சாப்பிட்டவரின் சிறுநீரிலும் நிறம் வருகிறதே! ஃபோலிங்குக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்து எதுவானாலும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி சிறுநீர் கொண்டுவரச் சொன்னார். மருந்து நின்ற பிறகும் பச்சை வந்தது. வெளியிலிருந்து வந்த பொருள் இல்லை, உடலுக்குள்ளேயே உண்டாகிறது என்று அப்போதுதான் உறுதியானது. வாய்மொழித் தேர்வில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது: ஏன் ஒரு வாரம் மருந்தை நிறுத்தச் சொன்னார்? நொதியின் பெயரைத் தடுமாறாமல் சொல்பவர்கூட இதில் விழிப்பதுண்டு.

லிட்டர் கணக்கில் சிறுநீர்

வகுப்பின் பெரும்பகுதியை இதற்குக் கொடுங்கள். பாடநூல் ஒரு வரியில் தாண்டிவிடும் இடம் இது. பச்சை நிறம் தரும் பொருள் எது? பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தாய் தொடர்ந்து குழந்தைகளின் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த இரண்டு மாதங்களில் மொத்தம் ஏறத்தாழ 20 லிட்டர். பேச்சே வராத, நடக்காத குழந்தையிடமிருந்து அவ்வளவு சிறுநீரைச் சேகரிப்பது என்றால் என்ன என்று குழந்தைகள் வார்டில் ஒரு நாள் இருந்தவர்களுக்குத் தெரியும். இந்தக் கண்டுபிடிப்பில் பாதி உழைப்பு அந்தத் தாயுடையது. வகுப்பில் அவர் பெயரையும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு.

அமிலமாக்கிய சிறுநீரிலிருந்து கரைப்பான் கொண்டு பொருளை வெளியே இழுப்பது அன்று தெரிந்த வழிதான். ஆனால் காற்று பட்டால் இந்தப் பொருள் சிதைந்துபோனது. ஆக்சிஜன் அண்டாதபடி நைட்ரஜன் சூழலில் வைத்துப் பிரித்த பிறகே தூய படிகம் கைக்கு வந்தது. சற்று முன் தங்கள் குழாயில் பச்சை மங்கியதைப் பார்த்த மாணவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இனி கரும்பலகையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். படிகத்தைப் பகுத்ததில் கார்பன் 9, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3 என்று வந்தது. இதை எழுதிப் போடுங்கள். அடுத்த துப்பு: பொருளை ஆக்சிஜனேற்றம் செய்தபோது பென்சால்டிஹைடும் பென்சாயிக் அமிலமும் கிடைத்தன. பென்சால்டிஹைடின் கசப்பு வாதுமை மணத்தை வேதியியலாளர் மூக்கு தவறவிடாது. சரி, மூலக்கூறை வரையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பென்சீன் வளையம் இருக்கிறது என்று முதலில் வரும். அதோடு ஒட்டிய ஒரு கார்பனும் சேர்ந்தால் ஏழு. ஒன்பதில் ஏழு போக இரண்டு கார்பன். மூன்று ஆக்சிஜனையும் அந்த இரண்டில் எப்படி உட்கார வைப்பது? ஒன்றில் கீட்டோன் தொகுதி, மற்றதில் அமிலத் தொகுதி. சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள் யாரோ ஒருவர் பினைல்பைருவிக் அமிலத்தை வரைந்து முடித்துவிடுவார். பிளஸ் டூ வேதியியல் எதற்குப் படித்தோம் என்று நொந்துகொள்பவர்கள் முகத்தில் அப்போது வரும் வெளிச்சத்துக்காகவே ஆண்டுதோறும் இந்தப் பாடத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வரைந்துவிட்டால் நிரூபித்ததாகிவிடுமா? ஃபோலிங் செய்ததைச் சொல்லுங்கள். படிகம் உருகும் வெப்பநிலையைப் பார்த்தார். 155 டிகிரி செல்சியஸ் அளவு. பிறகு உண்மையான பினைல்பைருவிக் அமிலத்தை அதோடு கலந்து உருக்கினார். வேறு வேறு பொருள்கள் கலந்தால் உருகுநிலை இறங்கும். இங்கே இறங்கவில்லை. இரண்டும் ஒன்றே. நிறமாலைக் கருவிகள் வருவதற்கு முந்தைய வேதியியலாளருக்கு இதைவிட நம்பகமான அடையாளச் சான்று வேறில்லை.

ஒரு வீட்டில் இருவருக்கு இருப்பது நோயா, அந்த வீட்டின் விசித்திரமா? அதற்கும் விடை தேடினார். காப்பகங்களில் இருந்த, அறிவுத்திறன் குறைபாடு உள்ள 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். எட்டுப் பேரிடம் அதே பச்சை. எகலாண்ட் குழந்தைகளையும் சேர்த்துப் பத்துப் பேர். 1934-லேயே ஜெர்மன் மொழி உயிர்வேதியியல் இதழ் ஒன்றில் கட்டுரை வெளியானது. உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனினை உடலால் சரியாகக் கையாள முடியாததே காரணமாக இருக்கலாம் என்றும் அவர் கருதினார். மாணவர்கள் கேட்டுக் களைத்திருக்கும் இந்த நேரத்தில்தான் நோயின் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். பினைல்கீட்டோனூரியா என்று பெயர் வைத்தவர் ஃபோலிங் இல்லை. 1937-இல் பென்ரோஸ், குவாஸ்டல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வைத்தார்கள். நார்வேயில் இன்றும் ஃபோலிங் நோய் என்றே வழங்குகிறது.

ஓரத்தில் எழுதிய கேள்வி

"சொந்தத்தில் திருமணமா?" என்று ஓரத்தில் எழுதியதை இப்போது எடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு நோய், பெற்றோர் இருவருக்கும் ஒன்றுமில்லை. இதன் பொருள் என்ன என்று கேட்டால் ஒடுங்கு மரபு (பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய்) என்று வந்துவிடும். லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட்டைக் கொண்டுவர இதுதான் இடம். பல ஆசிரியர்கள் அவரிடமிருந்து ஆரம்பித்து ஃபோலிங்குக்கு வருவார்கள். காலவரிசை அப்படித்தான், ஆனால் முதலில் கேரட்டைச் சொன்னால் மரபு விளக்கம் முன்கூட்டியே வெளிப்பட்டு ஃபோலிங்கின் கதை சப்பென்று ஆகிவிடும். சிறுநீர் கருக்கும் அல்காப்டோனூரியாவில் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினர் என்பதை 1902-இல் கேரட் எடுத்துக்காட்டினார். மரபியலாளர் பேட்சனின் உதவியோடு மெண்டலின் மரபு விதிக்குள் அதைப் பொருத்தினார். பிறவியிலேயே வளர்சிதைமாற்றத்தில் வரும் பிழை என்ற கருத்து அவருடையது. அந்தக் கருத்துக்குள் மூளையைப் பாதிக்கும் ஒரு நோயைக் கொண்டுவந்து வைத்தவர் ஃபோலிங்.

இந்த இடத்தில் வகுப்பில் ஓரிருவர் முகம் மாறும். பெற்றோர் உறவுமுறைத் திருமணம் செய்தவர்களாக இருப்பார்கள். உறவில் திருமணம் செய்தால் குழந்தைக்கு நோய் நிச்சயம் என்ற பேச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருவருமே நோயின் மரபணுவைச் சுமந்தால்தான் ஆபத்து, அப்போதும் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கணக்கைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மிச்ச வரலாறு, வேகமாக

எகலாண்ட் குழந்தைகள் பிழைத்துத் தேறினார்கள் என்று முடிக்க மனம் ஏங்கும். அப்படிச் சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பயன்படும் சிகிச்சை அப்போது இல்லை. டாக் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனான். நோயைக் கண்டுபிடிப்பதற்கும் தடுப்பதற்கும் இடையே சுமார் இருபது ஆண்டுகள் ஓடின. முதலாண்டு மாணவர்கள் இதைத் தாங்குவார்கள்.

கல்லீரலில் பினைல்அலனினை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும் நொதி வேலை செய்யவில்லை என்பதை ஜார்ஜ் ஜெர்விஸ் காட்டினார். பாடநூலின் முதல் வரியாக வரும் அந்த நொதி, வரலாற்றில் இவ்வளவு பின்னால்தான் வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கல், எவலின் ஹிக்மன்ஸ், ஜான் ஜெரார்ட் மூவரும் ஷீலா என்ற இரண்டு வயதுக் குழந்தைக்குப் பினைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்தார்கள். பால் புரதமான கேசீனை அமிலத்தால் உடைத்து, தூண்டிய கரியின் வழியே செலுத்திப் பினைல்அலனினை நீக்கி, கூடவே போய்விட்ட டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் திரும்பச் சேர்த்தார்கள். குழந்தை தேறியது. உணவால்தானா என்று உறுதி செய்ய, தாய்க்குத் தெரிவிக்காமலே உணவில் பினைல்அலனினைக் கலந்தார்கள். சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமானது. 1953-இல் முடிவு வெளியானது. தெரிவிக்காமல் கலந்தது சரியா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். நேரம் இருந்தால் மட்டும் கேளுங்கள், இல்லாவிட்டால் மணி அடித்த பிறகும் ஓயாது.

கடைசியாக அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி. அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒரு மகனின் தந்தை, இந்த நோய் உள்ள ஒரு சிறுமியின் மாமா. குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, பாக்டீரியாவின் வளர்ச்சியை வைத்துப் பினைல்அலனினை அளக்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிறந்த குழந்தைகளைச் சோதிக்க இன்று யாரும் ஃபெர்ரிக் குளோரைடை நம்புவதில்லை. சிறுநீரில் பச்சை வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் மூளை பாதிக்கப்பட்டுவிடும். மாணவர்கள் கண்ணால் பார்த்த சோதனை என்பதாலேயே அதைத்தான் தேர்வில் முதலில் எழுதுவார்கள். வடிதாள் இரத்தச் சோதனையை முதலில் எழுதாதவருக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை.

ஃபெர்ரிக் குளோரைடு வெள்ளைக் கோட்டில் பட்டால் துருக்கறை விழும், சோப்புக்குப் போகாது. வகுப்பு முடிந்ததும் கறைபட்ட கோட்டுகளைத் தனியே வாங்கி வைத்துவிடுங்கள். நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தில் கறை நீங்கும். ஆனால் அது நச்சு, மாணவர் கையில் கொடுக்காமல் கையுறை போட்ட ஆய்வக உதவியாளரிடம் விட்டு, நன்றாக அலசி வாங்குங்கள்.